எந்தத் துண்டு, எந்தக் காலம்: இடைக்கால வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் கணினியில் குறிப்பெழுதுவது பற்றி

கேள்வி இதுதான். கலை வரலாற்றில் முதுகலை படிக்கும் ஒருவர், இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் உள்ள இடைக்கால வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். நேரில் ஒரு முறைதான் போக முடிந்தது. கையில் சொந்தமாக எடுத்த நானூறு புகைப்படங்கள் இருக்கின்றன. மீதி வேலையை இணையத் தொகுப்புகளை வைத்துத்தான் செய்ய வேண்டும். படத்தின் மேலேயே குறிப்பு எழுதி வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்.

பெயர் மட்டும் போதுமென்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொந்தப் புகைப்படங்களை ஒழுங்குபடுத்த ட்ரோபி, இணையத்தில் உள்ள படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மிராடோர், ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் கோடிட்டுக் குறிக்க க்யூஜிஐஎஸ். மூன்றும் இலவசம். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வேலையில் இறங்குகிறவர்கள் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படிக் கலைத்தவன்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வண்ணக் கண்ணாடி ஜன்னலை ஓர் ஓவியம் என்று நினைத்துக்கொண்டு குறிப்பெழுதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஓவியத்தில் துணி ஒன்று, வரைந்த கை ஒன்று; மேலே யாராவது பின்னால் தீட்டியிருந்தால் அது விதிவிலக்கு. கண்ணாடி ஜன்னல் நம் ஏட்டுச்சுவடிகளைப் போன்றது. மூலம் இருக்கும், பாடபேதம் இருக்கும், இடைச்செருகல் இருக்கும், ஏடு மாறிக் கோத்ததும் இருக்கும். ஒரே பேனலில், அதாவது ஜன்னலின் ஒரு பிரிவில், முகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, அங்கி பன்னிரண்டாம் நூற்றாண்டு, பின்னணி நீலத்தில் பாதி வேறொரு ஜன்னலிலிருந்து பெயர்த்து வந்தது என்பதெல்லாம் சாதாரணம். துண்டுகளை இணைத்துப் பிடிக்கும் ஈயப் பட்டைகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும். மாற்றும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி மறுபடி கோத்திருக்கிறார். ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறேன்? அந்தத் துண்டு எந்தக் காலத்தது? இந்த இரண்டையும் தாங்காத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

கேன்டர்பரியிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே மேல்நிலை ஜன்னல்களில் கிறிஸ்துவின் முன்னோர் வரிசை ஒன்று இருந்தது. லூக்கா நற்செய்தியின் வம்சவரலாற்றை ஒட்டி மொத்தம் 86 உருவங்கள். இன்று எஞ்சியிருப்பவை 43. அவற்றில் பல, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தென்மேற்குக் குறுக்குமண்டபத்துக்கும் மேற்கு வாயில் ஜன்னலுக்கும் இடம் மாறின. 1174இல் பேராலயத்தின் கிழக்குப் பகுதி தீக்கிரையானது. அதன்பின் கட்டிய மண்டபத்துக்காகவே இந்த உருவங்கள் செய்யப்பட்டன என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மெடலின் கேவினஸ் என்ற அறிஞர் 1980களில் பாணியை மட்டும் வைத்து, இவற்றில் சில தீக்கு முந்தையவை போலத் தெரிகின்றன என்று சொன்னார். பாணியை வைத்துச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், நிரூபிக்க முடியாது.

கண்ணாடியில் என்னென்ன தனிமங்கள் கலந்திருக்கின்றன என்று காட்டும் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவியால் அளந்த முடிவுகளை 2021இல் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் கருவியின் மூக்கு அகலமானது. ஈயப் பட்டை கண்ணாடியைவிட எழும்பி நிற்பதால் கருவி கண்ணாடியைத் தொடாது. அதற்காக, ஈயத்துக்கு நடுவே நுழையும்படி ஒரு முனையை முப்பரிமாண அச்சில் செய்து மாட்டினார்கள். ஜன்னலைக் கழற்றாமல், ஒரு சில்லுகூடப் பெயர்க்காமல் துண்டு துண்டாக அளந்தார்கள். நாத்தான் தீர்க்கதரிசியின் உருவம் உள்ளிட்ட சில, 1130க்கும் 1160க்கும் இடைப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அதாவது பின்னாளில் புனிதராக வணங்கப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட் 1170இல் அதே கட்டடத்துக்குள் வெட்டப்பட்டபோது இந்தக் கண்ணாடிகள் அங்கே இருந்திருக்கலாம். தீயில் தப்பியவற்றைப் புதிய மண்டபத்தில் மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

இந்த முடிவை உங்கள் கணினியில் எப்படிப் பதிவீர்கள்? "நாத்தான் உருவம், 1130–1160" என்று படத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்தால் பாதித் தகவல் போய்விட்டது. அளந்தது குறிப்பிட்ட சில துண்டுகளை. பக்கத்திலேயே பின்னாளில் நிரப்பிய துண்டு இருந்தால் அதுவும் அந்தத் தலைப்புக்குள் வந்துவிடும். எனவே குறிப்பு படத்தின் மேல் உட்காரக் கூடாது, துண்டின் மேல் உட்கார வேண்டும்.

அதற்கு முன்னால் துண்டுக்கு முகவரி வேண்டும். நல்லவேளையாக அதை நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஐரோப்பாவெங்கும் ஜன்னல்களைக் கழற்றிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். அண்ணாந்து மட்டுமே பார்த்த கண்ணாடிகளைக் கையருகே பார்க்கும் வாய்ப்பு அறிஞர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக 1952இல் கார்பஸ் விட்ரியாரம் என்ற பன்னாட்டுத் திட்டம் உருவானது. இடைக்கால வண்ணக் கண்ணாடி ஒவ்வொன்றையும் ஒரே முறையில் பதிவுசெய்து வெளியிடுவது அதன் நோக்கம். ஜன்னல்களுக்கு எண் கொடுக்கும் முறையும் அங்கிருந்துதான் வருகிறது.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கிழக்குக் கோடியில் கட்டடத்தின் நடு அச்சில் இருக்கும் ஜன்னல் ரோமன் எண் ஒன்று. அங்கிருந்து மேற்கே நகர நகர, வடக்கே இரண்டு, மூன்று, நான்கு, தெற்கேயும் அப்படியே. எண்ணுக்கு முன்னால் திசையின் எழுத்து வரும். சிறிய எழுத்தானால் கீழ்நிலை ஜன்னல், பெரிய எழுத்தானால் மேல்நிலை. இந்த எழுத்து வேறுபாட்டைக் கவனிக்காமல் கோப்புப் பெயர்களை எல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றும் நிரல் ஒன்றை ஓட்டி, கீழ் ஜன்னலையும் மேல் ஜன்னலையும் ஒன்றாக்கிய புண்ணியம் எனக்கு உண்டு. பிரான்சில் வேறு முறை. அச்சு ஜன்னல் பூஜ்யம், வடக்கே ஒற்றைப்படை, தெற்கே இரட்டைப்படை. மேல்நிலைக்கு நூறிலிருந்து தொடங்கும். சார்த்ர் பேராலயத்தின் சார்லமேன் ஜன்னல் 7 என்றால் வடபக்கம் என்று உடனே தெரியும். நல்ல சமாரியன் ஜன்னல் 44 என்றால் தென்பக்கம். ஆனால் 1926இல் டெலாபோர்ட் என்ற அறிஞர் தந்த பழைய எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் அதே சார்லமேன் ஜன்னல் 38. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த எண் என்று பார்த்துக்கொள்ளாவிட்டால் ஜன்னல் மாறிவிடும். உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

ஜன்னலுக்குள்ளே, வரிசைகளைக் கீழிருந்து மேலாக 1, 2, 3 என்றும், நெடும்பிரிவுகளை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்றும் எண்ணுவது பிரிட்டிஷ் வழக்கம். மென்பொருள்களுக்கு எல்லாமே மேலே இடது மூலையிலிருந்துதான் தொடங்கும். நீங்கள் கீழிருந்து எண்ணுவீர்கள், கணினி மேலிருந்து அடுக்கும். கதை போகும் வரிசை மூன்றாவது விஷயம். இடைக்கால ஜன்னல்கள் பெரும்பாலும் கீழிருந்து மேலே படிக்க வேண்டியவை. ஆனால் யார்க் பேராலயத்தின் கிழக்குப் பெருஜன்னல் மேலே கடவுளிலும் படைப்பிலும் தொடங்கி உலக முடிவை நோக்கிக் கீழே இறங்குகிறது. ஆகவே பேனல் இருக்கும் இடம், கதையில் அதன் வரிசை இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்க்காதீர்கள்.

இது வெறும் நுணுக்கம் பார்ப்பது அல்ல. கேன்டர்பரியில் பெக்கெட்டின் அற்புதங்களைச் சொல்லும் ஜன்னல்களில் ஒன்றை, 2021இல் நடந்த பிரிட்டிஷ் மியூசியம் கண்காட்சிக்காகக் கழற்றினார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சில பேனல்கள் வரிசை மாறிக் கோக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இப்போதைய இடத்தை மட்டும் பதிந்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்திருக்கும். இப்போதைய இடம், முதலில் இருந்த இடம், கதை வரிசை: மூன்றுக்கும் தனி இடம் கொடுத்தவர்கள் ஒரு நெடுவரிசையைத் திருத்தினால் போதும்.

இனி கருவிகள். ட்ரிபிள்-ஐ-எஃப் என்று அழைக்கப்படும் பொதுநெறியை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இது மென்பொருள் அல்ல. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் தங்கள் படங்களை ஒரே விதத்தில் இணையத்தில் தருவதற்கான ஒப்பந்தம். இதன்படி ஒரு படத்தின் எந்தப் பகுதிக்கும் தனி முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் 1200, 850, 400, 500 என்று நான்கு எண்கள் இருந்தால், இடமிருந்து 1200 புள்ளி, மேலிருந்து 850 புள்ளி தள்ளி, 400 அகலமும் 500 உயரமும் உள்ள பகுதியை மட்டும் கொடு என்று பொருள். ஒரு புனிதரின் முகத்தை மட்டும் ஆய்வேட்டில் சுட்ட வேண்டுமானால் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, இந்த முகவரி போதும். பெரிய படத்தைச் சிறு சதுரங்களாகத் தருவதால் மெதுவான இணைப்பிலும் ஈயப் பட்டையின் கீறல் வரை நெருங்கிப் பார்க்கலாம்.

இன்னொரு வசதி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கேன்வாஸின், அதாவது படங்கள் உட்காரும் வெற்றுச் சட்டத்தின் மேல் பல படங்களை அடுக்கி, பார்ப்பவர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும்படி வைக்கலாம். கண்ணாடிக்கு இது வரம். ஊடுருவும் ஒளியில் எடுத்த படத்தில் நிறமும் வரைவும் தெரியும். விழும் ஒளியில் எடுத்த படத்தில் நிறம் செத்துவிடும். ஆனால் அரிப்பு, உதிர்ந்த மை, பின்பக்கம் தீட்டிய கோடு, ஈயத்தின் பற்றாசு எல்லாம் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் துண்டின் வயதைப் பற்றி வாய் திறக்க முடியும். வெளிப்பக்கத்தைப் படமெடுக்க எப்போதும் வாய்ப்புக் கிடைக்காது. பாதுகாப்புக்காக வெளியே இன்னொரு கண்ணாடி அடுக்கு வைத்த இடங்களில், பேனல் கழன்று மேசைக்கு வரும்போதுதான் முடியும். யார்க்கில் கிழக்குப் பெருஜன்னலின் 311 பேனல்களும் அப்படி மேசைக்கு வந்தன. பணி 2018இல் முடிந்தது. அப்படிப்பட்ட வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதே பெரிது.

மிராடோர் இந்த நெறியைப் பேசும் பார்வைச் செயலி. ஸ்டான்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் வளர்ந்தது. இரண்டு ஜன்னல்களை, அவை வெவ்வேறு நாட்டு நிறுவனங்களில் இருந்தாலும், ஒரே திரையில் வைத்துப் பார்ப்பதில் இதற்கு இணை இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சான் தெனி மடாலயத்திலிருந்தும் பாரிஸின் சாந்த் ஷபேலிலிருந்தும் பேனல்கள் வெளியேறி இங்கிலாந்து வரை சிதறின. அப்படிச் சிதறியவற்றை ஒரு மேனிஃபெஸ்டில், அதாவது எந்தப் படம் எந்த வரிசையில் வரும் என்று சொல்லும் சிறு கோப்பில், மறுபடி ஒன்றுசேர்க்கலாம். ஆனால் மிராடோரின் மூன்றாம் பதிப்பில் குறிப்பெழுதும் வசதி உடன் வருவதில்லை; செருகுநிரல் சேர்க்க வேண்டும். நிரலாக்கம் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் ஒரு மாலை வேலை. இல்லையென்றால் குழுவாகக் குறிப்பெழுதுவதற்கென்றே வந்துள்ள ரெகோஜிட்டோ ஸ்டூடியோ போன்றதைப் பாருங்கள். அதற்கு அடியில் ஓடும் அனோட்டோரியஸ் என்ற நிரலகத்தைத் தனியாகவும் பயன்படுத்தலாம்.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: குறிப்புகளை வெப் அனோட்டேஷன் வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? வேர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் 2017இல் பரிந்துரையாக வெளியிட்ட வடிவம் இது. குறிப்பின் உடல் தனி, அது சுட்டும் இலக்கு தனி. மூலத்தையும் உரையையும் கலக்காமல் வைத்த நம் உரையாசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது. இலக்கைச் செவ்வகமாகவும் சொல்லலாம், பல மூலைகள் கொண்ட வடிவமாகவும் சொல்லலாம். கண்ணாடிக்குச் செவ்வகம் உதவாது. ஒரு தோள்பட்டைத் துண்டைச் செவ்வகத்தில் அடைத்தால் சுற்றியுள்ள ஐந்து துண்டுகளும் உள்ளே வந்துவிடும்.

என் இழப்பைச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் நடத்திய தளத்தில் ஏறக்குறைய இரண்டாண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர்கள் ஒரு நாள் படங்களைப் புதிதாக எடுத்து, அளவு மாற்றி ஏற்றினார்கள். என் பெட்டிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன; அவற்றுக்கு அடியில் படம் நகர்ந்துவிட்டது. "பழுதுபார்த்த முகம்" என்ற குறிப்பு ஒரு கழுதையின் காலில் உட்கார்ந்திருந்தது. பேனல் எண்ணையும் குறிப்புக்குள்ளேயே எழுதியிருந்தால் திரும்பப் பொருத்தியிருக்கலாம். எழுதவில்லை. அன்றிலிருந்து, புள்ளிக் கணக்கை மட்டும் நம்புவதை விட்டேன். ஒவ்வொரு குறிப்பின் முதல் வரியும் ஜன்னல் எண், பேனல் எண், துண்டைச் சொற்களில் சுட்டும் ஒரு தொடர்: "இடக்கை, மணிக்கட்டுக்குக் கீழ், ஊதா" என்பது போல.

துண்டுகளை வரைந்து குறிக்க நான் பயன்படுத்துவது, கண்ணாடிக்கென்று யாரும் செய்யாத க்யூஜிஐஎஸ். அது நிலப்படம் வரையும் மென்பொருள். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஈயக் கோடுகளால் பிரிந்த கண்ணாடிப் பேனல் ஒரு மாவட்ட வரைபடம்தானே. படத்தைத் திறந்து, அதன் மேல் ஓர் அடுக்கில் ஒவ்வொரு துண்டையும் ஒரு வயலைப் போல எல்லை கட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே அட்டவணையில் ஒரு வரி. நிறம், நிலை, காலம், சான்று, உறுதி. பிறகு "பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய துண்டுகளை மட்டும் சாம்பல் ஆக்கு" என்றால் ஒரு நொடியில் இடைக்காலம் மட்டும் ஒளிரும். அச்சிட்ட கார்பஸ் தொகுதிகளில் மாற்றப்பட்ட துண்டுகளுக்குக் கோடு போட்டுக் காட்டும் புனரமைப்பு வரைபடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதையே உயிரோடு வைத்திருப்பது போன்றது இது. ஒரு எச்சரிக்கை: இடக்குறி இல்லாத படத்தை க்யூஜிஐஎஸ் திறக்கும்போது செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து கீழ்நோக்கி எதிர்மறை எண்களாக இறங்கும். ட்ரிபிள்-ஐ-எஃப் நெறியில் அது நேர்மறை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும்போது குறியைத் திருப்ப மறந்தால் எல்லாத் துண்டுகளும் படத்துக்கு வெளியே போய் நிற்கும்.

நிலை என்ற நெடுவரிசையில் நான் வைத்திருப்பவை நான்கே சொற்கள். மூலம்: அந்த இடத்துக்கென்றே வெட்டித் தீட்டியது. வரத்து: பழையதுதான், ஆனால் வேறிடத்திலிருந்து வந்து ஓட்டையை அடைத்தது. புதுக்கண்ணாடி: பின்னாளில் செய்து வைத்தது. மறுதீட்டல்: கண்ணாடி பழையது, மேலுள்ள வரைவு புதியது. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமானால் சான்று நெடுவரிசையில் எழுதுங்கள். பதினைந்து வகைகள் வைத்துத் தொடங்கியவர்கள் மூன்றாவது பேனலிலேயே தடுமாறுவார்கள்.

உறுதி நெடுவரிசையை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். கண்ணால் பார்த்துச் சொன்னதா, பழைய ஆவணத்தில் இருப்பதா, அளந்ததா? கேன்டர்பரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைதேர்ந்த புனரமைப்பாளர்கள் செய்த புதுத் துண்டுகள் பழையவை போலவே இருக்கும். புதியது என்று ஒதுக்கிய ஒன்று பழையது என்று பின்னால் தெரிய வந்ததும் உண்டு. திரையில் பார்த்து அடித்துச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துச் சிலர் 'கறைக் கண்ணாடி' என்று எழுதுகிறார்கள். உண்மையில் இந்த ஜன்னல்களின் நிறம் பெரும்பாலும் உலையிலேயே ஏறியது. கோபால்ட்டால் நீலம், மாங்கனீஸால் ஊதா. சிவப்பு மிகவும் அடர்ந்தது என்பதால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய தோலாக ஏற்றுவார்கள். முகமும் மடிப்பும் வரைந்த கோடுகள் உலோகத் துகளும் கண்ணாடிப் பொடியும் கலந்த கருப்பு மை. அதைச் சூளையில் சுட்டு ஒட்டவைப்பார்கள். கறை என்று சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று: வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் வரும் மஞ்சள். அந்த உத்தி மேற்கு ஐரோப்பிய ஜன்னல்களுக்குள் வந்தது பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேனலில் ஒரே துண்டில் வெள்ளை முகமும் மஞ்சள் முடியும் பார்த்தால் கருவி எதுவும் வேண்டாம், அது இடைச்செருகல். 'மஞ்சள்' என்று மட்டும் குறித்தால் இந்தத் துப்பு கிடைக்காது. உலை மஞ்சளா, வெள்ளி மஞ்சளா என்று குறியுங்கள். திரையில் தெரியும் நிறத்தின் எண் மதிப்பைக் குறித்து வைப்பது வீண். மேகம் கலைந்தால் அந்த எண் மாறும்.

படத்தில் இருப்பது என்ன காட்சி என்று குறிக்க ஐகான்கிளாஸ் என்ற குறியீட்டு முறையைப் பழகிக்கொள்ளுங்கள். லைடனில் ஹென்றி வான் டி வால் உருவாக்கியது. மரத்தின் கிளை போல விரியும்: 7 என்றால் பைபிள், 73 புதிய ஏற்பாடு, 73டி கிறிஸ்து பட்ட பாடுகளின் வரலாறு, 73டி6 சிலுவை மரணம். மொழி தெரியாத தொகுப்பிலும் இந்தக் குறியீடு வேலை செய்யும். ஜெர்மன் விளக்கம் புரியாவிட்டாலும் 73டி6 என்று தேடினால் சிலுவைக் காட்சிகள் வரிசையில் நிற்கும். பெக்கெட்டின் அற்புதங்களைப் போல உள்ளூர்க் கதைகளுக்கு இது மிக அகலமானது. அங்கே நோயாளியின் பெயர், ஊர், நோய் என்று சொந்தச் சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்புகளில் கார்பஸின் பிரிட்டிஷ் கிளையின் படக் களஞ்சியத்தில் தொடங்குங்கள். மாவட்டம், ஊர், பொருள் வாரியாகத் தேடலாம். ஜெர்மன் கிளையின் படங்களில் ஜன்னல் எண், காலம், ஐகான்கிளாஸ் குறியீடு எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வருகின்றன. பதிவிறக்கியபின் கோப்புப் பெயரை மாற்றினாலும் அடையாளம் தொலையாது. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் தருகிறார்கள். ஸ்விஸ் தொகுப்புக்கு விட்ரோசெர்ச் என்ற தளம். பிரின்ஸ்டனில் 1917இல் தொடங்கிய இடைக்காலக் கலை அட்டவணை 2023இல் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. ஒரே காட்சியைக் கண்ணாடியிலும் சுவடியிலும் தந்தத்திலும் தேட அதுவே சிறந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், உரிமைச் சிக்கல் இல்லாத தன் பொருள்களின் படங்களை 2017 முதல் எந்தக் கட்டுப்பாடும் இன்றித் தருகிறது. கண்ணாடி எட்டு நூற்றாண்டுப் பழமையானது என்பதால் புகைப்படத்துக்கும் உரிமை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் உரிமத்தை அட்டவணையிலேயே குறியுங்கள். இதெல்லாம் இருந்தாலும் கேவினஸ் எழுதி 1981இல் வந்த கேன்டர்பரி கார்பஸ் தொகுதியை நூலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துண்டு வாரியான தகவலுக்கு அந்த அச்சு நூலின் இடத்தை எந்த இணையதளமும் இன்னும் பிடிக்கவில்லை என்பது என் அனுபவம்.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1643இல் ரிச்சர்ட் கல்மர் என்ற போதகர், ஆலயத்தில் உருவங்கள் கூடாது என்ற பியூரிட்டன் பிரிவினர், கேன்டர்பரியில் ஏணி வைத்து ஏறி ஜன்னல்களை உடைத்தார். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு உதவியது, மூன்றாண்டுகளுக்கு முன் பேராலயத்தின் பெருமை பேச ஒருவர் அச்சிட்ட வரலாற்று நூல். கடலில் திசைகாட்டியைப் போல அது உதவியது என்று கல்மரே எழுதி வைத்திருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் செய்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லை கட்டும் வேலையில் உதவும். படத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் மாதிரிகளுக்கு ஈயக் கோடு நல்ல வேலி. ஆனால் கருப்பு மையில் தீட்டிய தடித்த மடிப்புக் கோட்டையும் அவை வேலி என்று எடுத்துக்கொள்ளும். விரிசலை ஒட்டப் பின்னாளில் வைத்த ஈயமும் அப்படியே: ஒரே துண்டை மூன்றாக எண்ணிவிடும். இயந்திரம் போட்ட எல்லைகளை நீங்கள் திருத்தத்தான் வேண்டும். அப்படியும் கையால் முழுதாக வரைவதைவிட நேரம் மிச்சம்தான். காட்சியை அடையாளம் காணும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள். தலைக்குப் பின்னால் வட்டம் இருந்தால் எல்லோரும் அதற்குப் புனிதர்தான்.

துண்டின் மேல் குறிப்பெழுதுவது கணினியோடு வந்த பழக்கமும் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதி வைத்த செய்முறையின்படி, கண்ணாடிக் கலைஞர் சுண்ணம் பூசிய மரப்பலகையில் ஜன்னலை முழு அளவில் வரைவார். எந்தத் துண்டுக்கு என்ன நிறம் என்று அந்தந்த இடத்திலேயே ஓர் எழுத்தை எழுதி வைப்பார். அப்படிப்பட்ட பலகைகள் ஸ்பெயினின் ஜிரோனாவில் இன்றும் இருக்கின்றன, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கண்ணாடியை அந்தப் பலகையின் மேல் வைத்துத்தான் வெட்டினார்கள். துண்டும் குறிப்பும் ஒன்றன் மேல் ஒன்று.

உங்கள் நானூறு புகைப்படங்களுக்கு வருவோம். இந்த வாரம் எந்தக் குறிப்பும் எழுதாதீர்கள். ட்ரோபியில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஜன்னல் எண், பேனல் எண், உள்ளிருந்தா வெளியிலிருந்தா, எடுத்த நேரம், உரிமம் என்று ஐந்து கட்டங்கள் கொண்ட வார்ப்புரு ஒன்றை உருவாக்கி நிரப்புங்கள். எடுத்த நேரம் முக்கியம். காலை ஒன்பது மணிக் கிழக்கு ஜன்னலும் மாலை நான்கு மணிக் கிழக்கு ஜன்னலும் ஒரே கண்ணாடியாகத் தெரியாது. எண் தெரியாத படங்களைத் தனியே வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பிறகு ஒரே ஒரு பேனலை எடுத்து க்யூஜிஐஎஸ்ஸில் முழுவதும் எல்லை கட்டுங்கள். பெரும்பாலும் அரை நாள் ஆகும். அதை முடித்தபின் உங்கள் நெடுவரிசைகளில் இரண்டு தேவையில்லை என்றும், ஒன்று விடுபட்டது என்றும் தெரியும். அதைத் திருத்திவிட்டு இரண்டாவது பேனலைத் தொடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். திறக்கும் என்று நம்பி வைத்திருப்பது போதாது. கழுதைக் காலில் உட்கார்ந்த என் குறிப்புக்கும் ஒரு நகல் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருள்தான் இல்லை.